வெறுங்கையோடு வந்த கிருமி

இந்தக் காலத்தில் எவனும் நேராகப் பதில் சொல்வதில்லை. பிழைப்பானா மாட்டானா என்று கேட்டால் 'பார்க்கலாம்' என்பான். எப்போது என்று கேட்டால் கம்ப்யூட்டரைக் காட்டுவான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்து ரொட்டிக்கடைக் கிழவருக்கு இடுப்பு இற்றுப்போயிருந்தது. உள்ளே அவருடைய ஒரே மகன் கண்ணெல்லாம் மஞ்சளாகி, ஆள் அடையாளம் தெரியாமல் கிடந்தான்.

டாக்டரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, இந்த வைரஸ்கிட்ட பெருகுறதுக்குச் சொந்தமா ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு. ஒரு செய்முறை, ஒண்ணு ரெண்டு கருவி. ஈரல் செல்லுக்குள்ள பூந்து, அங்க இருக்கிற வேலையாட்களையே ஏவி, அங்க இருக்கிற சாமானை எடுத்துத் தன்னைத்தானே ஆயிரக்கணக்கா செஞ்சுக்குது."

"என் அடுப்பு, என் மாவு, என் ஆளு. ரொட்டி மட்டும் அவனுது."

"அதேதான்."

"ஒண்ட வந்த பிடாரியை விரட்ட உங்களுக்குத் துப்பில்லையா?"

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "நேரா அதை அடிக்கிற மருந்து கொடுத்தோம். அவசரத்துல தப்பும் தவறுமா நகல் எடுத்து அது மாறிப்போச்சு, மருந்து எடுபடல. ஆனா நம்ம செல்லுல அதுக்கு உதவுற ஆள் அப்படிச் சட்டுனு மாற மாட்டான். அவன் கையைக் கட்டிட்டா அதால பெருக முடியாது. புது மருந்து ஒண்ணு இருக்கு."

"கட்டிட்டா என் மகனுக்கு யார் வேலை செய்வா?"

"அதுதான் பயம். எவ்வளவு தாங்குவார்னு தெரியல."

கிழவருக்குத் தன் கடை அடுப்பு நினைவுக்கு வந்தது. கடை பூட்டிய நாளில்கூடத் தன் செங்கல் அடுப்பை அவர் ஆறவிட்டதில்லை. ஒரே ஒரு தடவை, கரப்பான் தொல்லை தாங்காமல் அணைத்துப் புகை போட்டார். கரப்பான் ஒழிந்தது. மறுபடி மூட்டியதும் அடுப்பின் மேல்வளைவு பிளந்து உள்ளே சரிந்தது.

"அடுப்பை அணைக்கக் கூடாதும்மா," என்றார் பக்கத்தில் நின்ற மருமகளிடம்.

"அவர் அடுப்பா மாமா? சும்மா விட்டா மட்டும் எழுந்து நடக்கப் போறாரா? நீங்க முறைச்சா, மருந்து கொடுங்கன்னு சொல்ல எனக்கு வாயே வராது. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

சுவரைப் பார்த்துக்கொண்டே, "கொடுத்துத் தொலைங்க," என்றார்.

சில நாள் கழித்து டாக்டரம்மா வந்தபோது முகம் தொங்கியிருந்தது. "ரத்தத்துல வைரஸ் அளவு நல்லா இறங்கிடுச்சு..."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகை.

"என் மகன் ஏறினானா? அதைச் சொல்லுங்க," என்றார் கிழவர்.

"இல்ல ஐயா. ஈரல் நின்னுக்கிட்டு வருது. மருந்தை நிறுத்தணும்."

"நிறுத்தினா?"

"வைரஸ் திரும்பப் பெருகும்."

"நிறுத்தாட்டா?"

"ஈரல் முழுசா நின்னுடும்." மருமகளின் அழுகை நடுவில் அறுந்தது.

"ஒரு ஈரல். ஒண்ட வந்தவன் பாதி தின்னான், மிச்சம் பாதி நீங்க," என்றார் கிழவர்.

"மருந்து கொடுக்காட்டா இதுக்கு முன்னாடியே போயிருப்பார் ஐயா."

"அதை எவன் கண்டான்?"

கதவுக் கண்ணாடி வழியே மகனை ஒருமுறை பார்த்தார். பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"மாமா, எங்க போறீங்க? அவர் பக்கத்துல இருங்க!"

"வெறுங்கையோட வந்த கிருமி இத்தனையும் செஞ்சுதாம். இந்தம்மா எதையோ மறைக்குது. நேராச் சொல்ற ஆள்கிட்ட கேட்டுக்கறேன்," என்று முணுமுணுத்தபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.