குழாயைக் கவ்விய பல்செட்

வாஷிங்மெஷின் மெக்கானிக் ஒருவன் வலைப்பூ தொடங்கிச் சில மாதமாகிவிட்டது. வலைப்பூ வெற்றிக்கு யார் யாரோ சொன்ன வழிகளையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, தினமும் ஒரு பராமரிப்புக் குறிப்பு எழுதினான். பார்வையாளர் எண்ணிக்கை ஏற ஏற அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா அவன் போனை வாங்கிப் பார்த்தாள். "டேய், இது பூராவும் நீ திறந்து திறந்து பார்த்ததுடா. உன் கடைக்கு நீயே வாடிக்கையாளர்!"

அவன் முகம் தொங்கிப்போயிற்று. "அப்போ இன்னிக்கே மூடிடறேன்க்கா."

"அதுக்கு முன்னாடி, நேத்து சாப்பிடும்போது சொன்னியே, அந்தப் பல்செட் கதை, அதை எழுது. சிரிச்சு எனக்குப் புரையேறிடுச்சு."

எப்படியும் மூடப்போவதுதானே என்று, ஒரு வாடிக்கையாளர் வீட்டில், துவைக்கப் போட்ட சட்டையின் பையிலிருந்து நழுவிய பல்செட் மெஷினின் குழாயைக் கவ்விக்கொண்டு கிடந்ததையும், அந்த வீட்டுப் பெரியவர் பொக்கை வாயோடு தன்னைத் திட்டியதையும் அப்படியே எழுதினான்.

மறுநாள் முதல் பின்னூட்டம் வந்திருந்தது. "தம்பி, நீ கொடுத்த ரசீதில் இந்த வலைப்பூ முகவரியைப் பார்த்து வந்தேன். அந்த வாய் என்னுடையதுதான். நான் திட்டியதில் பாதியை விட்டுவிட்டாய்." கீழே அவருடைய மகள், மருமகன், சம்பந்தி என்று வரிசையாக ஒரே கலாட்டா.

"என்னடா, இன்னும் மூடலையா?" என்றாள் அக்கா.

"கொஞ்சம் சும்மா இரு அக்கா, அவருக்குப் பதில் எழுதிட்டிருக்கேன்."