கவைப்பாறையில் ஓர் இருமல்

1

இந்தக் கதை ஓர் இருமலிலிருந்து வந்தது. சளி இருமல் அல்ல. தொண்டையில் ஒன்றுமே இல்லாமல் வேண்டுமென்றே இருமிய இருமல். போன ஞாயிறு காலை ஆறு ஐம்பதுக்கு, திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் உள்ள ஒரு பாறைமலையில் அது நடந்தது. மலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே தெரியும்.

இருமியது யார் என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் கதையைத் தொடங்க வேண்டும். இரண்டு முறை தொடங்கிப் பார்த்தேன்.

"மலை மௌனமாக நின்றது." (மலை வேறு எப்படி நிற்கும்?)

"கிருஷ்ணவேணியின் கையில் சுண்ணாம்பு வாளி இருந்தது, நெஞ்சில்..." (நெஞ்சில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. வாளியில் இருந்தது தெரியும். அங்கிருந்தே போகலாம்.)

2

வாளியில் இருந்தது சுண்ணாம்பும் கொஞ்சம் பசையும். எங்கள் மலைநடைக் குழுவில் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஆட்கள் அறுபத்து மூன்று பேர். ஞாயிறுதோறும் நடப்போம், வழியில் கிடக்கும் பாட்டில்களைப் பொறுக்குவோம், புதுத் தடங்களுக்குக் குறி போடுவோம். எண்ணெய்ப் பெயிண்ட் கிடையாது. அது இருபது வருஷத்துக்குப் பாறையை விட்டுப் போகாது. சுண்ணாம்பு இரண்டு மழையில் கரைந்துவிடும். தடம் பிடிக்காவிட்டால் மலை அதை மறந்துவிடலாம்.

ஒரு குறி என்பது உள்ளங்கை அகலத்தில், கண் உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. ஒரு குறியருகே நின்றால் அடுத்தது தெரிய வேண்டும். தடம் திரும்பும் இடத்தைத் தாண்டிப் பத்தடியில் கூடுதலாக ஒன்று இருக்கும். "சரியாகத்தான் வந்திருக்கிறாய்" என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. எனக்கு மிகவும் பிடித்த குறி அதுதான். (கதையிலும் ஒன்று வைக்கலாமே. இதோ: சரியாகத்தான் வந்திருக்கிறீர்கள்.)

குறி போட்டவர் தன் குறிகளைச் சோதிக்க முடியாது. அவருக்குத்தான் வழி தெரியுமே. ஆகவே அந்த மலையைப் பார்த்தேயிராத ஒருவரை முன்னால் நடக்கவிடுவோம். நாங்கள் பின்னால் போவோம். பேசக் கூடாது, கை காட்டக் கூடாது, முகத்தைக்கூட மாற்றக் கூடாது.* அவர் வழி தவறினால் முப்பதடி வரை விடுவோம். பிறகு விசில். விசில் ஊதினால் தடம் தோற்றது. மார்ச்சில் பாறை சுட ஆரம்பித்துவிடும் என்பதால், பிப்ரவரியில் தோற்ற தடம் அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும்.

* நான் பாலிடெக்னிக் ஆசிரியன். ஒருவர் எதிரே குழப்பத்தோடு நிற்க, நான் வாயை மூடிக்கொண்டிருப்பது என் தொழிலுக்கே விரோதம்.

3

கிருஷ்ணவேணிக்கு இது முதல் தடம். முகையூர்ப் பக்கத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) போடுகிறார். முப்பத்தைந்து வயது. குழுவில் சேர்ந்து இரண்டு வருஷம். அவருடைய தெருப் பெண்கள் இந்த இரண்டு வருஷமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்களாம்.

"சாமி இல்லாத மலையில இன்னாத்துக்குடி ஏறிக்கினு இருக்க?"

அதற்கு அவர் என்ன பதில் சொன்னாரோ, பன்னிரண்டு பேர் வருவதாக ஒத்துக்கொண்டார்கள். வருகிற ஞாயிறு. மாமியாரிடம் அனுமதி, மாட்டுக்கு ஆள், வேன், எல்லாம் ஏற்பாடாகிவிட்டது.

"இந்த வாட்டி இல்லன்னு சொன்னா, அடுத்த வாட்டி எவளும் வர மாட்டா சார்" என்றார் என்னிடம். (இந்த வரியை எங்கே வைப்பது என்று வெகுநேரம் யோசித்தேன். இங்கேயே இருக்கட்டும். கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.)

4

சோதனைக்கு வந்தவர் அரசப்பன், மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் கடல்தொழில் செய்பவர். எங்கள் குழுச் செயலாளர் சௌந்தரம் அக்கா, அவரிடம் மீன் வாங்கும் பழக்கத்தில் பிடித்துக்கொண்டு வந்தார். தரையில் இவரைவிட வழி தெரியாதவர் கிடைக்க மாட்டார்.

ஐந்தாவது குறியைத் தாண்டியதும் அரசப்பன் திரும்பிப் பார்த்தார். "இன்னாக்கா, எல்லாரும் சாவு வூட்டுக்கு வந்தா மாறி கம்முனு வர்றீங்க?"

"நீங்க எது வேணா கேக்கலாம். நாங்க பதில் சொல்லக் கூடாது" என்றார் அக்கா, விதியைச் சொல்ல மட்டும் வாய் திறந்து.

"எங்க வூட்லயும் எனக்கு அதே ரூலுதான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பும் ஒரு துப்பு.

கவைப்பாறை வந்தது. தடம் அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று உச்சிக்கு. இன்னொன்று ஆடு போகும் தடம். அது நாற்பதடியில் ஒரு வழுக்குப் பாறையில் போய் முடியும். அரசப்பன் நின்றார். கண்ணைச் சுருக்கினார். குறி அவர் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது, ஆனால் தெரியவில்லை. அவர் (          ) பக்கம் ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. கிருஷ்ணவேணி தன் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

புகழேந்தி இருமினார்.

அரசப்பன் நின்று, (          ) பக்கம் திரும்பி நடந்தார். பத்தடியில் "சரியாகத்தான் வந்திருக்கிறாய்" குறி. அரை மணியில் உச்சி. சௌந்தரம் அக்கா நோட்டில் "தேறியது" என்று எழுதினார்.

(அடைப்புக்குறிக்குள் இருக்கும் வெற்றிடம் அச்சுப்பிழை அல்ல.)

5

இந்தப் புகழேந்தி மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். யார் இவர்? எந்த ஊர்? இருமுவதற்கு முன் இவரைக் கதையில் பார்த்தீர்களா? அவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடி கொடுத்தேன், ஆஸ்துமா கொடுத்தேன், ஒரு பத்தி முழுக்க அவருடைய குழந்தைப் பருவத்தை எழுதி அடித்தேன். அப்படியும் ஆள் நிற்கவில்லை. நிற்க மாட்டார், ஏனென்றால்

சரி. இருமியது நான்.

கிருஷ்ணவேணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று சொன்னால் பாதி உண்மை. மீதி இது: குறி ஏன் தெரியவில்லை என்று அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. காலை முழுக்க வயல்வேலை என்பதால் அவர் குறி போட்டது மாலை நான்கு மணிக்கு. கவைப்பாறைக்கு முன்னால் தடம் கொஞ்ச தூரம் கிழக்கே பார்த்துப் போகிறது. மாலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்து பாறையில் நேராக அடிக்கும். சுண்ணாம்பு பளபளக்கும். காலையில் அதே சூரியன் பாறைக்குப் பின்னாலிருந்து நம் கண்ணில் அடிக்கும். குறி நிழலில். எவ்வளவு அழகான தவறு! இதை யாரிடமாவது உடனே விளக்க வேண்டும். விளக்கக் கூடாது. அது இருமலாக வெளியே வந்தது.

இறங்கும்போது அரசப்பன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "கடல்ல கப்பல்காரன் ஆரன் அடிச்சா எங்க போட்ட ஒதுக்குவோம். மலையில இருமுனா ஒதுங்கணும் போல."

6

முடிவு அ: நான் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறன்று கவைப்பாறையில் நானே போய் நின்று வழி காட்டுகிறேன். பன்னிரண்டு பேரும் உச்சியில் கேப்பை அடை சாப்பிடுகிறார்கள். சுபம்.

(அதற்கடுத்த ஞாயிறு? நான் இல்லாத ஞாயிறு?)

முடிவு ஆ: சௌந்தரம் அக்காவிடம் சொல்கிறேன். தடம் தோற்கிறது. வேன் ரத்து.

இரண்டையும் வைத்துக்கொண்டு செவ்வாயன்று கிருஷ்ணவேணிக்கு போன் செய்தேன்.

"சொல்லுங்க சார், மல்லாட்டைக்குத் தண்ணி கட்டிக்கினு இருக்கேன்."

"அன்னிக்கு இருமுனது நான்தான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"உங்கள விட்டா யாரு? நானும் கம்முனு இருந்துட்டேன். பன்னெண்டு பேர கூப்ட்டு வெச்சிருக்கேனே."

மண்வெட்டியால் மடை மாற்றும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்:

"அவளுங்க மின்னாடி போறப்ப, பின்னாடியே நின்னு நான் ஆயுசுக்கும் இருமிக்கினா இருக்க முடியும்? அக்காகிட்ட சொல்லிடுங்க சார். நான் காலையில போய் நின்னு பாக்குறேன்."

7

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மலையிலிருந்தே கூப்பிட்டார். "நானே போட்ட குறி, எனக்கே தெரில சார்!" அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பாதி பாரம் இறங்கிற்று. பழைய குறியைச் சுரண்டிவிட்டு, காலை வெயிலுக்கு ஏற்றபடி வேறு இடத்தில் புதிதாகப் போட்டிருக்கிறாராம்.

"எங்க போட்டீங்க?"

"சொல்ல மாட்டேன். நீங்க எழுதிப்புடுவீங்க."

சௌந்தரம் அக்கா என்னைத் திட்டியதை இங்கே எழுதவில்லை. முடிவாகச் சொன்னது இது: "பேஜாரு பண்ணாத. சனிக்கிழமை காலையில வழி தெரியாத ஆள் ஒருத்தரக் கொணாந்து நிறுத்து. தேறுச்சின்னா ஞாயித்துக்கிழமை வேன் வரும். இல்லாங்காட்டி அக்டோபர்."

அரசப்பனுக்கு இப்போது வழி தெரியும். குழுவில் எல்லாரும் ஏறியாகிவிட்டது. வெளியாட்களைத் தேடினேன். என் தெருவில், என் பாலிடெக்னிக்கில், என் டீக்கடையில் உள்ள அத்தனை பேருக்கும் கவைப்பாறை, சூரியன், சுண்ணாம்பு எல்லாவற்றையும் படம் போட்டு ஏற்கெனவே விளக்கி வைத்திருக்கிறேன், எந்தப் பக்கம் உச்சி என்பது உட்பட. என்னை அறிந்தவர் யாரும் இனி உதவ மாட்டார்கள்.

8

இன்று வெள்ளி. முடிவு இ என்று எழுதிவிட்டு ஒரு மணிநேரமாக உட்கார்ந்திருக்கிறேன். மேலே போய்ப் பாருங்கள். மலையின் பெயர் இல்லை. வெற்றிடங்கள் வெற்றிடமாகவே இருக்கின்றன. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தை நான் முழுதாக விளக்காமல் விட்டிருக்கிறேன்.

ஆக, எனக்குத் தெரிந்தவர்களில் வழி தெரியாத ஒரே ஆள் நீங்கள்தான்.

நாளைக் காலை ஐந்தரை, திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே. ஷூ போட்டு வாருங்கள், இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி. கிருஷ்ணவேணி துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருப்பார், கண்டுகொள்ளாதீர்கள். நீங்கள் எது வேண்டுமானாலும் கேட்கலாம். ஆறு ஐம்பதுக்குக் கவைப்பாறை வரும். சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். நீங்கள் நின்று, கண்ணைச் சுருக்கி, ஓர் அடி எடுத்து (          ) பக்கம்

பின்னால் நான் இருப்பேன், வாயில் கைக்குட்டையோடு.