மெக்சிக்கோக் கடையில் தங்கராசா

1987ஆம் ஆண்டுக் கோடை முழுவதும் தங்கராசா மெக்சிக்கோச் சமையல்காரராக இருந்தார். மெக்சிக்கோ எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது. திருகோணமலைத் துறைமுகத்தில் பன்னிரண்டு வருஷம் களஞ்சியக் காப்பாளராக இருந்தவர் அவர். மொன்றியலுக்கு வந்து இரண்டு வருஷமாகியும் அகதி வழக்கு விசாரணைக்கு வரவில்லை. மனைவி சீதேவி ஊரில் இருந்தாள். டவுன்டவுனில் ஒரு கிரேக்க உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோதுதான், தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் பக்கத்தில், சோலேய் பார்க்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார்.

ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கும் பொம்மை ரயிலும் உள்ள பார்க் அது. நடுவில் மஞ்சள் சுண்ணாம்பு பூசிய ஒரு கடை. வாசலில் சீமெந்துக் கள்ளிச்செடி, பக்கத்தில் ஒரு காது உடைந்த சீமெந்துக் கழுதை. கடைக்குப் பொறுப்பாக இருந்த மதாம் புவாவேர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"உறைப்பான சாப்பாடு செய்வீர்களா?"

"உய், மதாம்" என்று பிரெஞ்சில் ஆமாம் சொன்னார் தங்கராசா. அன்றைக்கே அகலமான வைக்கோல் தொப்பியும் கோடு போட்ட போர்வையும் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் அந்தக் கடையில் உறைப்பும் இல்லை, சமையலும் இல்லை. டாக்கோ என்ற மடித்த ஓடுகள் பெட்டியில் வந்தன. வாயில் வைத்தால் அட்டைபோல நொறுங்கின. அரைத்த இறைச்சி உறைந்த பையில் வந்தது. பையோடு சுடுதண்ணீரில் போட்டு, கத்தரித்து ஊற்றவேண்டியதுதான். மசித்த அவரைப் பயறு டின்னில் வந்தது, செம்மஞ்சள் சோறு பொதியில் வந்தது. மஞ்சள் சீஸ் ஒரு வாளியில் இருந்து குழாய் வழியாக வந்தது. சோஸ் என்று ஒன்று, சீனிப்பாகுபோல இனிக்கும் தக்காளிப் பாணி. முதல் நாள் அதை நக்கிப் பார்த்த தங்கராசா, மெக்சிக்கோ சனங்கள் பாவங்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மதாம் புவாவேர் ஒரு கடிதத்தோடு குசினிக்குள் வந்தார். தலைமை அலுவலகத்துக்கு யாரோ ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தது. இரண்டு பக்கம். குற்றச்சாட்டுகள் ஏழு. ஓடு அட்டை, சோறு செம்மஞ்சள் சாயம், சோஸ் குழந்தைகளுக்குக் கொடுக்கும் இருமல் மருந்து என்று போய், ஏழாவதாக, 'இதைச் சமைத்தவர் மெக்சிக்கோவை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்' என்று முடிந்திருந்தது.

"வெள்ளிக்கிழமைக்கிடையில் விளக்கம் எழுதி அனுப்பச் சொல்கிறார்கள்" என்றார் மதாம். "சமைக்கிறவர் யார், என்ன அனுபவம் என்று கேட்கிறார்கள். நான் என்னத்தை எழுத?"

தங்கராசா கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கே. மணிவாசகம், பொறியியலாளர், புவாண்ட்-கிளேர். கீழே தொலைபேசி இலக்கம்.

எங்கட ஆள்!

வேலை முடிந்ததும் பார்க் வாசலில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் போனார்.

"ஹலோ, மணிவாசகம் ஐயாவோ?"

"ஆமாம், யார் பேசறது?"

"நான் தங்கராசா. சோலேய் பார்க்கில, மெக்சிக்கோக் கடையில சமைக்கிறன்."

 "நீங்க தமிழா?" என்று மெல்லக் கேட்டது குரல்.

"ஓம். திருகோணமலை."

"ஐயய்யோ. நான் உங்களப் பத்தி எழுதலைங்க. அந்தக் கம்பெனியப் பத்தி எழுதினேன்."

"சமைச்சவர் எண்டு எழுதியிருக்கிறியள். அது நான்தானே ஐயா. ஆனா பிழையா எழுதேல்லை, நான் பார்த்ததில்லைத்தான்." தங்கராசாவுக்கே தன் குரலில் கோபம் இருக்கிறதா என்று விளங்கவில்லை. "இன்னொண்டும் சொல்லவேணும். நீங்கள் சைவமெண்டு கடிதத்தில எழுதியிருந்தது. அந்தப் பயறில பன்றிக் கொழுப்புக் கலந்திருக்கு. டின்னில எழுதிக் கிடக்கு."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எங்க வீட்டம்மா சரளாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார் மணிவாசகம்.

தங்கராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் கேட்கவந்ததைக் கேட்டார். "அது என்ன மாதிரி இருக்கவேணும், ஐயா? நான் இந்தக் கடையில தவிர வேற எங்கயும் அதைச் சாப்பிட்டதில்லை. தெரிஞ்சா ஏதும் செய்துபார்க்கலாம். வெள்ளிக்கிழமை பதில் சொல்லவேணும்."

"நாளைக்கு உங்களுக்கு லீவா?"

"வியாழன்."

"வியாழக்கிழமை நான் ஆபீசுக்கு லீவு போடறேன்" என்றார் மணிவாசகம்.

சொன்னபடியே அவர் வியாழன் காலையில் காரோடு லியோனல்-குரூ மெட்ரோ வாசலில் நின்றார். ஐம்பதை நெருங்கும் வயது, மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் இரண்டு பேனா. கடிதத்தை எழுதிய ஆள் பெரிய மீசையோடு இருப்பார் என்று தங்கராசா எதிர்பார்த்திருந்தார். மணிவாசகமோ காரை எடுத்ததிலிருந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

சென்-லோறான் வீதியில் இமெல்டா என்ற மெக்சிக்கோப் பெண்ணின் சிறிய கடை இருந்தது. சோள மா, காய்ந்த கறுப்பு மிளகாய், பச்சைத் தக்காளி எல்லாம் அங்கே வாங்கினார்கள். எதற்கு என்று இமெல்டா கேட்டாள். மணிவாசகம் தன் பிரெஞ்சில் விலாவாரியாகச் சொன்னார். அவள் தங்கராசாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தப் பார்க்கிலா? ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பார்ப்போம்."

புவாண்ட்-கிளேரில் மணிவாசகத்தின் மனைவி சரளா, தன் குசினி மேசை முழுவதும் பரப்பப்பட்ட மிளகாயைப் பார்த்துவிட்டு, "இவருக்குத் தோசை திருப்பவே தெரியாது" என்றாள் தங்கராசாவிடம். "நீங்களே எல்லாத்தையும் பாத்துக்குங்க. அவர் வாயால மட்டும் சமைப்பார்."

அப்படித்தான் நடந்தது. மணிவாசகம் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, தங்கராசா செய்தார். மிளகாயைத் தோசைக்கல்லில் போட்டு வறுத்ததும் வீடு முழுக்கப் புகை. மூன்று பேரும் இருமினார்கள். மேல்மாடியில் இருந்த அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் பிரெஞ்சில் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். புகை எச்சரிக்கை மணி அலற, மணிவாசகம் அதற்குக் கீழே நின்று பேப்பரால் விசிறினார்.

தக்காளியைச் சுட்டு, பூண்டும் வெங்காயமும் மிளகாயும் சேர்த்து அரைத்து முதல் தடவை கொடுத்தபோது மணிவாசகம் நக்கிப் பார்த்தார்.

"இல்ல."

இரண்டாம் தடவை மிளகாயைக் கூட்டினார். "இல்லீங்க. கிட்ட வருது. ஆனா இல்ல."

மூன்றாம் தடவையும் இல்லை. "என்ன இல்லை எண்டு சொல்லுங்கோவன் ஐயா!" என்றார் தங்கராசா. முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"தெரியலையே. நாக்குக்குத் தெரியுது, வாய்க்குச் சொல்ல வரல."

அந்த நேரம் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்ததால் மணிவாசகம் எழுந்து போனார். தங்கராசா அகப்பையோடு நின்று யோசித்தார். பிறகு சரளாவைப் பார்த்து, "அக்கா, புளி இருக்கே?" என்று கேட்டார். சரளா எடுத்துக் கொடுத்தாள். கொஞ்சம் புளிக்கரைசல் விட்டார். ஒரு சிட்டிகை பெருஞ்சீரகத்தை வறுத்துப் பொடித்துப் போட்டார். கை அப்படித்தான் போனது.

மணிவாசகம் திரும்பி வந்தார். தங்கராசா சுட்டு வைத்திருந்த சோள ரொட்டியில் ஒரு துண்டைக் கிள்ளி, தொட்டு வாயில் வைத்தார். மென்றார். பிறகு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுதான்" என்றார். "இதேதான்."

தங்கராசா சரளாவைப் பார்த்தார். சொல்லவேண்டாம் என்று அவள் மிக லேசாகத் தலையை அசைத்தாள்.

அப்போதுதான் மணிவாசகம் அந்தக் கதையைச் சொன்னார். அறுபத்து மூன்றில் படிக்கவென்று டெக்சாஸில் எல் பாசோ என்ற ஊருக்குப் போனாராம். விடுதியில் எல்லாமே மாட்டிறைச்சி. முதல் இரண்டு மாதம் பாணும் பாலும்தான். உடம்பு கரைந்து, ஒரு நாள் வகுப்புக்குப் போகும் வழியில் தெருவில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். எதிர் வீட்டு ஜன்னலில் சாப்பாடு விற்றுக்கொண்டிருந்த ஒரு மெக்சிக்கோப் பெண் இறங்கி வந்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போய், சோள ரொட்டியும் இந்தச் சோஸும் முன்னால் வைத்தாளாம்.

"அந்தம்மா பேசின ஒரு வார்த்தையும் எனக்குப் புரியல. நான் சாப்பிடறதையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அந்த ஊர்ல இருந்த மூணு வருஷமும் மத்தியானம் அங்கதான். அந்த மெக்சிக்கோப் பேரை வெச்சுக்கிட்டு அட்டையையும் இருமல் மருந்தையும் குடுத்தா, கோவம் வருமா வராதா?"

"கல்யாணமாகி இருபது வருஷம், இத நீங்க எங்கிட்ட சொன்னதே இல்லையே" என்றாள் சரளா.

"நீ வருத்தப்படுவேன்னு சொல்லல" என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் அடுத்த ரொட்டியை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை தங்கராசா ஒரு போத்தல் சோஸோடு மதாம் புவாவேரின் அறைக்குப் போனார். மதாம் ஒரு கரண்டி வாயில் விட்டார். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு மறுபடியும் கரண்டியை விட்டார். அன்று மத்தியானமே தலைமை அலுவலகத்தோடு பேசினார். பெட்டியும் டின்னும் பையும் ஒப்பந்தப்படி வருபவை, மாற்றமுடியாது, சோஸை வேண்டுமானால் கடையிலேயே செய்துகொள்ளலாம் என்று பதில் வந்தது. சமையல்காரரின் அனுபவத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். மணிவாசகம் குடும்பத்தோடு வந்து வரிசையில் நின்றார். தங்கராசா தொப்பியும் போர்வையுமாக உள்ளே நின்றதைப் பார்த்துச் சின்னப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். மணிவாசகம் பயறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓட்டில் சீஸும் சோஸும் மட்டும் போட்டு வாங்கினார்.

"ஓடு இன்னும் அட்டைதான்."

"ஓம், அது மாறாது ஐயா."

"பரவால்ல" என்று சொல்லி மூன்று சாப்பிட்டார். பக்கத்து மர வாங்கில் இருந்த ஒரு கியூபெக் மனிதர் சோஸை அள்ளி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, தொப்பியால் முகத்தை விசிறிக்கொண்டே இன்னும் கேட்டு வந்தார்.

அப்போது இமெல்டா தன் மூன்று பிள்ளைகளோடு வந்து சேர்ந்தாள். சீமெந்துக் கழுதையைப் பார்த்து ஏதோ ஸ்பானிய மொழியில் திட்டினாள். ஓட்டைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். சோஸில் மட்டும் விரலைத் தொட்டு நக்கினாள். கண்ணைச் சுருக்கினாள். திரும்பவும் நக்கினாள்.

"இது மெக்சிக்கோச் சோஸ் இல்லை" என்றாள்.

மணிவாசகம் எழும்பினார். "மதாம், மன்னிக்கணும். மூன்று வருஷம் எல் பாசோவில் தினமும் சாப்பிட்டவன் நான். இதே சுவைதான்."

"நான் புவெப்லாவில் பிறந்தவள், முசியே. இதில் புளி இருக்கிறது. டாக்கோவுக்கு யார் புளி விடுவார்கள்? வேறு ஏதோ வாசமும் இருக்கிறது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை."

மணிவாசகம் மெல்லத் திரும்பினார். "புளி போட்டீங்களா?"

தங்கராசா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "ஓம் ஐயா."

"பெருஞ்சீரகமும்" என்றாள் சரளா.

மணிவாசகம் வாங்கில் உட்கார்ந்தார். கையில் பாதி டாக்கோ இருந்தது. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குன்னே நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். "அப்ப அந்தம்மா என்னதான் போட்டிருப்பாங்க?"

 சரளா அவருடைய தோளில் கையை வைத்தாள். தங்கராசாவுக்கு ஏமாற்றிவிட்டேனோ என்றிருந்தது.

"ஐயா, நான் உங்களை..."

"இல்ல இல்ல" என்று கையை ஆட்டினார் மணிவாசகம். மிச்சத்தை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். "இல்லீங்க. எனக்கு இது அதுதான்."

இமெல்டா இதையெல்லாம் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தங்கராசாவிடம், "மெக்சிக்கோச் சோஸ் இல்லை என்றுதான் சொன்னேன். நல்லாயில்லை என்று சொல்லவில்லையே. என் கடைக்கு வாரத்துக்கு இருபது போத்தல் தரமுடியுமா?" என்றாள்.

செப்டெம்பரில் பார்க் மூடியது. அடுத்த வருஷம் அந்த மஞ்சள் கடையைப் பீட்சாக் கடையாக்கிவிட்டார்கள். தங்கராசா அங்கே திரும்பிப் போகவில்லை. இமெல்டாவின் கடைக்குப் பின்னால் ஒரு சின்னக் குசினி இருந்தது. அவர் சோஸ் செய்தார், அவள் சோள ரொட்டி சுட்டாள். இருவரும் அரைகுறைப் பிரெஞ்சில் நாள் முழுவதும் வாய்த்தர்க்கம். ஒரு சனிக்கிழமை இமெல்டா புவெப்லா முறைப்படி சொந்தமாகச் சோஸ் செய்து மணிவாசகத்துக்குக் கொடுத்தாள். அவர் மரியாதைக்கு இரண்டு தரம் தொட்டுக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் தங்கராசாவின் போத்தலை எடுத்தார்.

அகதி வழக்கு 1988 கடைசியில் சரிவந்தது. அதற்கடுத்த வருஷம் நவம்பரில் சீதேவி மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். தங்கராசாவிடம் கார் இல்லை. மணிவாசகம்தான் ஓட்டிக்கொண்டு போனார். சரளா தன் பழைய குளிர்ச்சட்டை ஒன்றையும் கையுறையையும் கொண்டுவந்திருந்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு மனைவியைக் கண்ட தங்கராசா அவளுடைய பெட்டியை வாங்கிக்கொண்டார். "பசிக்குதே?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம்" என்றாள் சீதேவி. "பிளேனில தந்தது ஒண்டும் வாயில வைக்க ஏலாது."

சரளா தயிர்ச்சாதமும் வடுமாங்காயும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். காரின் பின்சீட்டில், கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சீதேவி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். வெளியே மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. மணிவாசகம் மெதுவாகவே ஓட்டினார்.