இரண்டாவது கியர்

டமார்!

பட்டறையின் தகரக் கதவு சுவரில் மோதித் திரும்பியது. பட்டறைக்காரன் வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்ப்பதற்குள் ஒரு சாக்கு பறந்து வந்து வேலை மேசையில் விழுந்தது. வாய் பிரிந்து உள்ளே இருந்ததெல்லாம் கொட்டியது. புல். வேரோடு பிடுங்கிய புல். வைக்கோல் என்று சொன்னால் வைக்கோல் கோபித்துக்கொள்ளும், அப்படி ஒரு நிறம்.

"பாரு! நல்லாப் பாரு! இதத்தான் என் குதிரைங்க திங்கணுமா?"

வந்தவர் குதிரைக்காரர். சின்ன நிலம், ரெண்டே குதிரைகள், ஆனால் கோபம் மட்டும் ஒரு பெரிய லாயத்துக்குப் போதுமானது. கோபத்தில் அவருக்குக் குறைந்தவன் அல்ல பட்டறைக்காரன். வாய் திறந்தால் வெடிப்பான் என்பதால் வட்டாரமே அவனைப் 'பட்டாசு' என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே சட்டென்று ஞாபகம் வராது.

"சார், சாமான் மேல எல்லாம் கொட்டாதீங்க. என்ன ஆச்சு, அதச் சொல்லுங்க."

"என்ன ஆச்சா? உன் வண்டி அடிக்கிற மருந்து களைய மட்டும் கொல்லும், புல்லுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னது யாரு? நீதானே? களை செத்துது, சரி. கூடவே புல்லும் செத்துது. மிச்சம் இருக்கிறது நானும் குதிரைங்களும்தான். எங்களுக்கும் ஒரு தடவ அடிச்சிட்டுப் போகச் சொல்லு, வேல முடிஞ்சிடும்!"

பட்டாசு ஒரு பிடி புல்லை எடுத்து விரலால் நெருடினான். நுனி கருகவில்லை; அடியிலிருந்தே மஞ்சளாகியிருந்தது. வெயிலில் காய்ந்த புல் இல்லை. மருந்து அதிகமாகக் குடித்த புல். போன வாரம் நர்சரிக்காரி இதே குறையைச் சொன்னபோது, 'வெயில்மா, வெயில்' என்று அவள் வாயை அடைத்திருந்தான். அது வெயில் இல்லை என்று இப்போது அவன் விரலே சொன்னது.

"வண்டி உங்க வீட்டுக்கு வந்தப்ப நீங்க இருந்தீங்களா?"

"மாடி ஜன்னல்லேருந்து பார்த்தேன். ரெண்டு பேரு. தலையில தொப்பி, முகத்துல மூடி, கண்ணுல கண்ணாடி. யாரு எவருன்னே தெரியல. ஒருத்தர் ஓட்டினாங்க, ஒருத்தர் குழாயப் பிடிச்சிட்டு வேலியோரமா நடந்தாங்க. வண்டியா அது? ஊர்வலம்! அவ்வளவு மெதுவா ஊர்ந்துச்சு. சரி, பொறுப்பா செய்யறாங்கன்னு நெனச்சு டீ வேற போட்டுக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்!"

'ஊர்ந்துச்சு' என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், பட்டாசின் முகம் சிவந்துவிட்டது. ஃபோனை எடுத்தான்.

"மாப்பிள்ள! வண்டிய எடுத்துட்டு இப்பவே பட்டறைக்கு வா. எங்க இருந்தாலும் வா. சாப்பிட்டுட்டு இருந்தா கையக் கழுவிட்டு வா!"

மாப்பிள்ளை என்பது அவனுடைய ஒரே தங்கையின் கணவன். பாட்டில் தொழிற்சாலையை இழுத்து மூடியபோது வேலை போய், வீட்டு வாசலில் உட்கார்ந்து எறும்பு எண்ணிக்கொண்டிருந்த ஆள். தங்கை வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காததே பட்டாசுக்குப் பொறுக்கவில்லை. அவளுக்காகத்தான் அந்த வண்டியை உருவாக்கினான்.

வேலிக்கம்பி ஏற்றித் திரிந்து ஓய்ந்துபோன பழைய தோட்ட வண்டி அது. முன்னால் ரெண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தட்டு. ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். முதுகில் தெளிப்பானைச் சுமந்து அடித்தால் இடுப்பு ஒடியும், டிராக்டரைக் கூப்பிட்டால் வாசலிலேயே நுழையாது. அவர்களுக்கு இந்த வண்டிதான் சரி என்று பட்டாசுக்குத் தோன்றியது. தாழ்வான தண்ணீர்த் தொட்டியாகத் தேடிப் பிடித்தான். அதை வண்டியின் வால்பக்கம் வைத்தால் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தூக்கும் என்று, இருக்கைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் வைத்து போல்ட் போட்டான். பாதித் தண்ணீர் அலையடித்து வண்டியைக் கவிழ்க்காமல் இருக்க உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்தான். பின்னால் ரெண்டு பக்கமும் சிறகு போல விரிகிற தெளிப்புக் குழாய். குறுகலான வாசல் வந்தால் மடக்கிக்கொள்ளலாம், கம்பத்தில் இடித்தால் ஒடியாமல் ஸ்பிரிங்கில் மடங்கித் திரும்பிவரும். பேட்டரியில் ஓடும் பம்ப். வேலியோரத்துக்குத் தனியாக ஒரு நீளக் குழாய். மருந்து கையில் பட்டால் கழுவ, குழாய் வைத்த ஒரு நல்லதண்ணீர் கேன், பக்கத்தில் சோப்பு. சோப்புக்கு ஒரு கம்பிக் கூடுகூட வளைத்து வைத்தவன் அவன்.

அதெல்லாம் போல்ட் நட்டு வேலை. கடைசி வேலைதான் பெரிய வேலை. வண்டி வேகமாகப் போனால் மருந்து குறைவாக விழும். மெதுவாகப் போனால் அதே மண்ணில் கூடுதலாக விழும். அந்த வண்டியின் ஸ்பீடு முள்ளோ, மனிதன் ஓடுகிற வேகம் வந்தால்தான் அசையவே ஆரம்பிக்கும். அதனால் மாப்பிள்ளையை உட்காரவைத்து, இரண்டாவது கியரில் பட்டறைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் திரும்பத் திரும்ப ஓட்டவிட்டான். கால் தானாக ஒரு அழுத்தத்துக்குப் பழகிய பிறகு தூரம் குறித்து, நேரம் பார்த்து, தெளிப்பு முனையான ஒவ்வொரு நாசிலின் கீழும் குவளை வைத்துத் தண்ணீரை அளந்து, அந்த வேகத்துக்கு ஏற்றபடி மருந்துக் கலவையைக் கணக்குப் போட்டான். ஆளை நிற்கவைத்து அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, அது மாப்பிள்ளையின் காலுக்கு அளவெடுத்த வண்டி.

அன்றே சொல்லியும் விட்டான். "இந்த சீட்ல உன்னத் தவிர எவனும் உக்காரக் கூடாது. கால் மாறிச்சுன்னா அளவு மாறிடும். அப்படி ஏதாவது கேள்விப்பட்டேன், தொட்டியக் கழட்டிட்டு வண்டியப் பழைய இரும்புக்கடைக்காரனுக்குக் குடுத்துடுவேன். அவன் தினமும் கேட்டுட்டிருக்கான்."

கேட்டுக்கு வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. உள்ளே வரவில்லை. முதலில் தங்கை வந்தாள், அவள் முதுகை ஒட்டியபடி மாப்பிள்ளை. அவன் பேண்ட் பையில் கைவிட்டுக்கொண்டு, பனைமரம் நடந்து வருகிற மாதிரி நிதானமாக வந்தது பட்டாசின் கோபத்துக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியது.

"துரைக்கு வண்டிய உள்ள கொண்டு வர நேரமில்லையா? வெளியவே நிறுத்திட்டு நடந்து வர்றீங்க, மெதுவா, விருந்துக்கு வர்ற மாதிரி!"

"என்ன மச்சான், எதுக்கு இப்படிக் கத்துற?" என்று கேட்டபடி வந்த மாப்பிள்ளை, தரையில் கிடந்த காற்றுக் குழாயில் கால் தடுக்கி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பட்டாசு ஒரே தாவலில் அவன் முன்னால் போய் நின்றான். "ஊது."

"என்னது?"

"வாய ஊதுடா!"

"அண்ணா!" என்றாள் தங்கை. "பகல்லயே என்ன பேச்சு இது? வெளி ஆள் முன்னால..."

"வெளி ஆளா? அவரோட புல்லச் சாகடிச்சிட்டு வந்து நிக்கிறீங்க, அவரு வெளி ஆளா? உள் ஆள விட அவருக்குத்தான் நெருங்கின உறவு இப்ப!"

குதிரைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நம் கோபத்தை இன்னொருவன் வட்டியோடு காட்டுகிறபோது நமக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் அல்லவா, அந்த மாதிரி.

பட்டாசு சாவிக்காகக் கையை நீட்டினான். தங்கைதான் சாவியைக் கொடுத்தாள். வெளியே போய் வண்டியில் ஏறினான். ஏறிய வேகத்தில் முழங்கால் ஸ்டீயரிங்குக்கு அடியில் போய் 'ணங்' என்று இடித்தது. வலி உச்சந்தலை வரைக்கும் போனது.

"சீட்ட ஏண்டா முன்னால தள்ளி வச்சிருக்க?" என்று கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான். "என்னை விட ஒரு முழம் ஒசரம் நீ. காலக் கழட்டி வீட்ல வச்சிட்டு வந்து ஓட்டுவியா?"

"முதுகு வலி மச்சான். சாஞ்சு உக்கார முடியல."

வண்டி உள்ளே வந்தது. பட்டாசு தொட்டியில் வெறும் தண்ணீரை ஊற்றி, சிறகுகளை விரித்து, ஒவ்வொரு நாசிலின் கீழும் ஒரு குவளையை வைத்தான். பம்ப் உறுமியது. விசிறி விசிறியாகத் தண்ணீர் இறங்கியது. நிறுத்திவிட்டுக் குவளைகளைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். எல்லாவற்றிலும் ஒரே மட்டம். அழுத்தம் காட்டும் முள் அவன் வைத்த இடத்திலேயே நின்றது. வடிகட்டியைக் கழற்றினான், கண்ணாடி மாதிரி சுத்தம்.

"சார், வந்து பாருங்க. நாசில் சரி. பம்ப் சரி. என் வேலையில ஒரு குறையும் இல்ல." திரும்பினான். "மருந்து எவ்வளவு ஊத்தின?"

"நீ சொன்ன அளவுதான்."

"அப்ப மிச்சம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. உன் கால்! நடந்து போற எறும்பு ஹார்ன் அடிச்சுட்டு உன்ன முந்திட்டுப் போயிருக்கும். என்ன பண்ணிட்டிருந்த? ஃபோன்ல பேசினியா? தூங்கினியா?"

மாப்பிள்ளையின் தாடை இறுகியது. "ஆமா. தூங்கிட்டேன். போதுமா?"

"திமிரப் பாருங்க சார்! தப்பும் பண்ணிட்டு எகத்தாளம்!"

"வேற என்ன சொல்லச் சொல்ற? என்ன சொன்னாலும் நீ கத்தத்தான் போற. உனக்குப் பதில் தேவையில்ல மச்சான், கத்த ஒரு ஆள் தேவை."

அந்த வார்த்தை எங்கே போய்த் தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. பட்டாசு கையிலிருந்த குவளையை வீசினான். அது இரும்புக் குவியலில் விழுந்து உருண்டு, உருண்டு, எல்லோருடைய பொறுமையையும் சோதித்துவிட்டு நின்றது. இந்த ஆளுக்காகவா தொட்டி தொட்டியாகத் தேடி அலைந்தோம்? இவனுக்காகவா சோப்புக்குக் கூடு செய்தோம்?

"ஏறு," என்றான்.

"எதுக்கு?"

"ஓட்டிக் காட்டு. ரெண்டாவது கியர். பின்னால பொட்டல்ல, இவரு கண்ணு முன்னால. அன்னைக்கு ஓட்டின மாதிரி ஓட்டிட்டேன்னா, தப்பு என்னோடதுன்னு நானே இவரு வீட்டுக்குப் போய்ப் புல்லு நட்டுக் குடுக்கறேன்."

மாப்பிள்ளை அசையவில்லை. தங்கை அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். குதிரைக்காரர் ஸ்டூலில் முன்னால் நகர்ந்தார்.

"ஓட்ட மாட்டேன்."

"மாட்டியா, முடியாதா?"

"மாட்டேன்னா மாட்டேன். விடு."

"சரி." பட்டாசு கருவிப் பலகையிலிருந்து பெரிய ஸ்பேனரை உருவினான். "ஓட்டாதவனுக்கு வண்டி எதுக்கு? இந்தத் தெருவுல இருக்கிற ஒவ்வொரு நிலத்துக்காரரும் என்ன நம்பித்தான் உன்னக் கூப்பிடறாங்க. என் பேரச் சாகடிக்க நான் விடமாட்டேன். இன்னைக்கே வண்டி இரும்புக்கடைக்குப் போகுது. நீ மறுபடி வாசல்ல போய் உக்காரு. எறும்பு அங்கதான் இருக்கும், எங்கயும் போயிருக்காது."

தொட்டிக்கு அடியில் குனிந்தான். முதல் போல்ட் கிரீச்சென்று அலறிக் கழன்றது. தண்ணீர்க் குழாய் நழுவி அவன் தோளை நனைத்தது, துடைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது போல்ட்டில் ஸ்பேனரை வைத்தான். தொட்டி இருப்பது நாலே போல்ட்டில். அதற்குப் பிறகு தங்கை வீட்டில் அடுப்பு எதை நம்பி எரியும் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கை இன்னும் வெறிகொண்டு திருகியது.

"அண்ணா, நிறுத்து."

"நீ பேசாத. உன் முகத்தப் பார்த்துப் பார்த்துத்தான் இவன் இவ்வளவு தூரம் வந்துட்டான்."

"நிறுத்துன்னு சொல்றேன்ல!"

சின்ன வயதிலிருந்து ஒருமுறைகூட அவனிடம் குரலை உயர்த்தாதவள். இன்று பட்டறைத் தகரமே அதிரும்படி கத்தினாள். குனிந்திருந்தவனின் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். பட்டாசு நிமிர்ந்து பார்த்தான். குடும்பத்தில் வெடிக்கத் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தான்.

"சொல்லாத," என்றான் மாப்பிள்ளை. அவள் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னான். "வேணாம். எடுத்துட்டுப் போகட்டும். சொல்லாத."

"சொல்லுவேன்! வாய ஊதுன்னான், தூங்கினியான்னான், எல்லாத்தையும் வாங்கிட்டு நிக்கிறீங்க. இன்னும் எவ்வளவு நாளைக்கு?"

"என்னத்தச் சொல்லப் போற?" பட்டாசின் குரல் தாழ்ந்திருந்தது, சூடு மட்டும் தாழவில்லை. "இவன ஏறச் சொல்லு முதல்ல. ஏறி ஓட்டட்டும். அப்புறம் பேசு."

தங்கை, கணவனுக்கும் வண்டிக்கும் நடுவில் போய்க் கைகளை விரித்து நின்றாள்.

"அவர ஏறச் சொல்லாதண்ணா, கதவு எது சுவரு எதுன்னே அவரு கண்ணுக்குத் தெரியல, ரெண்டு மாசமா வண்டிய ஓட்டுறது நான்தான்!"