கல்லில் விட்ட இடம்

அப்பாவின் வெள்ளைச் சட்டைக் காலர் முனையில் மகள் இஸ்திரிப் பெட்டியை அழுத்திக்கொண்டிருந்தபோது கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரென்று எட்டிப் பார்க்கத் தேவையில்லை. சாவு வீட்டுக்கு வந்து, தனக்கொரு நாற்காலி தேடி, அதையும் சவப்பெட்டிக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டுக் கால்மேல் கால் போடுகிற மனிதர் அந்தச் சபையில் ஒருவர்தான். கல்லறைத் தோட்டத்துச் செயலாளர். அம்மாவின் முதல் கணவருக்குத் தம்பி.

அவள் காலரை விட்டு நகரவில்லை. அம்மா இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இஸ்திரி போட்டவள். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. கை அசையும், முதுகு வளையாது. மேற்பார்வைக்கு வரும் டாக்டர்கள்கூட அவள் முன்னால் வந்ததும் தங்கள் கோட்டைக் குனிந்து பார்த்துக்கொள்வார்கள். அவளை அடக்கம் செய்யப் போகும் நாளில் அவள் புருஷன் சட்டையில் மடிப்பு விழுந்திருந்தால் பெட்டிக்குள்ளிருந்தே எழுந்து வந்து திட்டுவாள்.

கூடத்தில் செயலாளர் ஆறுதல் சொல்லி முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்துவிட்டார். விடிகாலையிலேயே ஆள் விட்டுக் குழி தோண்டச் சொல்லியாயிற்றாம். மூன்று மணிக்கு ஆராதனை, நாலு மணிக்கு மண் போட்டுவிடலாமாம். சீட்டும் எழுதிக்கொண்டு வந்திருந்தார். போதகர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"எங்க தோண்டச் சொன்னீங்க?" என்று அப்பா கேட்டார். நேற்றிலிருந்து அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"இதென்ன கேள்வி? எங்க அண்ணன் பக்கத்துலதான். அண்ணிக்கு அந்த எடம் முப்பத்தி ரெண்டு வருஷமா காத்துக்கிட்டிருக்கு. கல்லுல பேரே இருக்கு. வெட்டுனவரு நீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

அந்தக் கல்லின் கதை சபையில் எல்லாருக்கும் தெரியும். அம்மாவின் முதல் கணவர் பேருந்து ஓட்டியவர். கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டார். நல்ல மனிதர், தூக்கத்தில்கூட ஹாரன் அடிப்பதுபோல் கை போகும் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். அவர் வீட்டார் இரட்டைக் கல் ஒன்றுக்குச் சொன்னார்கள். இடது பாதியில் மகன் பேர். வலது பாதியில், இருபத்திரண்டு வயதில் உயிரோடு நின்றுகொண்டிருந்த மருமகள் பேர். அவள் பிறந்த ஆண்டு, அடுத்து ஒரு சின்னக் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு எண் பிடிக்கிற அளவுக்கு வெற்று இடம். கீழே ‘இன்னாரின் மனைவி’. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி நீ எங்கேயும் நகர முடியாது என்பதைக் கருங்கல்லில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அதை வெட்டியவர்தான் அப்பா. கல்லறைக் கல் வெட்டுவது அவர் தொழில். எழுதிக் கொடுத்த தாளில் இருந்ததை அப்படியே வெட்டினார். கல்லை நட்ட மறுநாள் ஒரு பெண் பட்டறைக்குள் வந்து நின்றாள்.

"அந்தப் பேரு நான்தான். இன்னும் சாகல. எடுத்துவிடுங்க."

கருங்கல்லில் விழுந்த எழுத்தை எடுக்க முடியாது, மேல்பக்கத்தையே தேய்த்து இறக்க வேண்டும், அப்படிச் செய்தால் உங்கள் வீட்டுக்காரர் பேரும் சேர்ந்து போய்விடும் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவள் அங்கே கிடந்த ஒரு வெட்டாத கல்லின்மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தாளாம். அந்த மனுஷன் பாவம், அவர் பேர் இருக்கட்டும் என்றாளாம். எழுந்து போகும்போது, "பேரு கூடப் பரவால்ல, அந்தக் கோட்டை எதுக்குங்க போட்டீங்க, அவ்வளவு அவசரமா?" என்று கேட்டாள். அப்பா அன்றைக்கு மேற்கொண்டு ஓர் எழுத்தும் வெட்டவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவளைக் கல்யாணம் செய்துகொண்டார்.

மாதம் ஒரு முறை அம்மா வாளியும் துணியுமாகப் போய் அந்தக் கல்லைக் கழுவிவிட்டு வருவாள். தன் பேரையும் சேர்த்துத்தான். சிறு வயதில் மகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. படித்துப் பட்டம் வாங்கிய பிறகு அவமானமாக இருந்தது. அந்த வீட்டில், அதற்கு முந்திய எந்தத் தலைமுறையிலும், பட்டம் வாங்கியவர்கள் கிடையாது. அம்மா அன்றிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு ‘டிகிரி’ என்றுதான் கூப்பிட்டாள். "டிகிரி, அந்த வாளியை எடு." மகள் சலவைக் கூடத்துக்குப் போனாலும் அதேதான், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மகள் கூடத்துக்கு வந்தாள். அப்பா பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தார். கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. என் பொண்டாட்டி என்று சொல்லுங்களேன், அப்பா. ஒரு வார்த்தை. அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் சொல்லவில்லை.

"எங்கம்மா முப்பது வருஷம் குடும்பம் நடத்தினது எங்கப்பாவோட, சார்," என்றாள்.

செயலாளர் அவளிடம் கோபப்படவில்லை. சிறு பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசினார். உலகத்து வழக்கு வேறு, தேவன் இணைத்தது வேறு. முதல் முடிச்சுத்தான் பரலோகத்தில் பதிவாகும். கடைசி எக்காளம் ஊதும்போது அண்ணன் எழுந்து பக்கத்தில் பார்ப்பான், பெண்டாட்டி இல்லையென்றால் யார் பதில் சொல்வது? நாலு எழுத்துப் படித்துவிட்டால் இதெல்லாம் புரியாது.

"நாலு எழுத்தா? எங்கப்பா தொழிலே எழுத்துதான் சார். அதுல தப்பா எழுதிக் குடுத்தது உங்க வீடு."

வாசலில் நின்றவர்களில் யாரோ இருமலில் சிரிப்பை மறைத்தார்கள். அம்மாவோடு வேலை பார்த்த சலவைக்காரப் பெண்கள் எட்டுப் பேர், சீருடையோடு வந்திருந்தவர்கள், சுவரோரம் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மகள் பெட்டியருகே நின்றிருந்த போதகர் பக்கம் திரும்பினாள். வயதில் இளையவர், வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. "போன வருஷம் வேதபாடத்துல எங்கம்மா உங்ககிட்ட ஒண்ணு கேட்டாங்கல்ல, பாஸ்டர். அதை இங்க சொல்லுங்க."

போதகர் முதலில் செயலாளரைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார். பெட்டிக்குள் அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாற்போலத்தான் இருந்தாள்.

அவர் சொன்னார். அன்றைய பாடம், ஒரே பெண்ணை ஒருவர்பின் ஒருவராக மணந்து செத்துப்போன ஏழு சகோதரர்களின் கதை. உயிர்த்தெழும்போது அவள் எவனுடைய மனைவி என்று ஆண்டவரை மடக்கச் சிலர் கேட்டார்கள். அங்கே பெண் எடுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை, எல்லாரும் தூதர்களைப்போல் இருப்பார்கள் என்று அவர் பதில் சொல்லிவிட்டார். பாடம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்ததாம்.

"‘ஏழு பேரும் செத்தானுங்க, யாரோட பொண்டாட்டின்னு ஆளாளுக்குக் கேட்டானுங்க. ஏம்மா, உனக்கு என்ன வேணும்னு அவளை ஒருத்தனாவது கேட்டானா பாஸ்டர்?’ன்னு கேட்டாங்க." போதகர் கையிலிருந்த வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "எனக்குப் பதில் தெரியல. தெரியலன்னே சொன்னேன். அதுக்கு அவங்க, ‘பரவால்ல, ஆண்டவர் ஒருத்தர்தான் அவளை எவன் கையிலயும் புடிச்சுக் குடுக்காம விட்டாரு, அது போதும்’னாங்க."

சலவைக்காரப் பெண்களில் ஒருத்தி ஆமென் என்றாள்.

மகளுக்கு அம்மாவின் குரலே கேட்டது. கூடவே வேறொன்றும் ஞாபகம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாடத்துக்கு அப்பாவும் வந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் தட்டைக் கழுவிக்கொண்டே, "அப்போ அங்க நான் யாரு?" என்று மெல்லக் கேட்டார். அம்மா சிரித்துவிட்டு, மகள் நிற்பதைப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன பதில் சொன்னாள் என்பது இன்றுவரை மகளுக்குத் தெரியாது.

செயலாளர் சீட்டை எடுத்துப் போதகரிடம் நீட்டினார். வசனம் வசனமாக இருக்கட்டும், பதிவேடு என்று ஒன்று இருக்கிறது என்றார். சபையில் ஆளுக்கு ஓர் இடம். அண்ணிக்கு எழுதியிருப்பது அண்ணன் பக்கத்தில். கல்லுக்காரருக்கு எழுதியிருப்பது மதிலோரம், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். அவருடைய இடம் ஒரே ஆளுக்குத்தான் காணும். அதை மாற்ற யாராலும் முடியாது.

"மாத்தலாம்," என்றார் அப்பா.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். சட்டை போடாமல், பனியனோடு, முழங்கைவரை பழைய வெட்டுக்காயங்களோடு நின்றார்.

"டாக்டர் கையை விரிச்ச வாரம் நாங்க ரெண்டு பேரும் போயிப் பாத்துட்டு வந்தோம். உங்க எடத்தை எனக்குக் குடுங்கன்னு கேட்டா. மதில் நிழல் இருக்கு, குழாய் இருக்கு. ‘மாசா மாசம் தண்ணி தூக்கி என் இடுப்பு போச்சு, என்னைக் கழுவ வர்ற டிகிரி தண்ணி தூக்கக் கூடாது’ன்னா. சரின்னுட்டேன்."

மகள் தோளில் கிடந்த சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நீங்க?" என்றார் செயலாளர்.

"அவ எடம் சும்மாதானே இருக்கு. குழியும் வெட்டியாச்சு. மூடி வைங்க. நேரம் வந்ததும் நான் போயி உங்க அண்ணன் பக்கத்துல படுத்துக்கறேன். எக்காளம் ஊதினா பதில் சொல்ல ஆள் வேணும்னீங்களே, நான் சொல்லிக்கறேன். எங்க ரெண்டு பேருக்கும் பேச விஷயம் இருக்கு."

இந்த முறை யாரும் இருமவில்லை. சிரித்தே விட்டார்கள். போதகர்தான் முதலில். பிறகு பேனாவை எடுத்து, சீட்டில் இடத்து எண்ணை அடித்துவிட்டுப் புது எண் எழுதிக் கையெழுத்துப் போட்டார். செயலாளர் நாற்காலியைவிட்டு எழுந்தார். வாசலை நோக்கி நடந்தார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் சலவைக் கூடத்தின் மூத்த பெண்மணி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மகள் அப்பாவுக்குச் சட்டையை மாட்டிவிட்டாள். காலர் கத்திபோல் நின்றது.

மதிலோரம் புதுக் குழி தோண்ட நேரமானதால் ஐந்து மணிக்குத்தான் மண் போட்டார்கள். சலவைக்காரப் பெண்கள், அண்டை வீட்டார் எல்லாரும் காத்திருந்தார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

மூன்றாவது வாரம் மகள் மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். மூலையில் எப்போதும் கிடக்கும் அந்த வெட்டாத கல்லைக் காணோம். அம்மா முதல் நாள் உட்கார்ந்த கல். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் விலை கேட்டும் அப்பா கொடுக்காத கல். இப்போது அது மெருகேறி மேசைமேல் கிடந்தது. பேர் வெட்டி முடிந்திருந்தது. கல்லுக்குச் சரி நடுவில். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவு வெற்றுக் கல். கீழே யாருடைய மனைவி என்று இல்லை. யாருடைய தாய் என்றும் இல்லை. பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் பென்சிலில் குறித்து வைத்திருந்தார்.

"நடுவுல போட்டுட்டீங்களேப்பா. உங்க பேருக்கு எடம் விடலையா?"

"விடல." அவர் கல்தூளை ஊதினார். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்து மறுபடியும் மூடினார். "அன்னைக்குக் கதவைச் சாத்திக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா?"

அவள் மேசையருகே இன்னும் நெருங்கி வந்தாள்.

"‘அங்க என்னை யாரும் உங்களுக்குக் கட்டி வைக்கமாட்டாங்க. உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்னா நானா வந்ததாத்தான் இருக்கும். பட்டறைக்கு வந்தேன்ல, அது மாதிரி’ன்னா."

வெளியே ஒரு லாரி போயிற்று. மேசைமேல் உளிகள் லேசாக அதிர்ந்து நின்றன.

அப்பா குனிந்து, இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே பென்சிலால் போட்டிருந்த சின்னக் கோட்டைப் பார்த்தார். கட்டைவிரலை நாக்கில் நனைத்து அதைத் தேய்த்து அழித்தார். ஈரம் காயும்வரை பொறுத்திருந்து, உளியை எடுத்தார்.