டம்மியைக் கழற்றும் முன்

லேசர் டையோடை நேராக பேட்டரியில் மாட்டக் கூடாது. இதை எழுதிவைத்திருக்கிறேன், படம் வரைந்து காட்டியிருக்கிறேன், எங்கள் அரட்டைக் குழுவின் உச்சியில் யாரும் தப்பமுடியாதபடி ஒட்டியிருக்கிறேன். அதற்கு நேர்கீழே வந்து கேட்பார்கள்:

"அக்கா, பேட்டரில நேரா மாட்டினா என்ன ஆகும்?"

செத்துப்போகும். டையோடு சூடாக ஆக இன்னும் அதிக மின்சாரத்தைக் குடிக்கும். குடித்து இன்னும் சூடாகி, கண் சிமிட்டுவதற்குள் பொசுங்கிப்போகும். அதற்காகத்தான் நடுவில் டிரைவர் என்ற சின்ன மின்சுற்றுப் பலகை. நாம் திருகிவைத்த அளவுக்கு மேல் ஒரு துளி மின்சாரத்தையும் அது விடாது. அந்த அளவைத் திருகிவைக்கும்போது உண்மையான டையோடை மாட்ட மாட்டோம். மலிவான சாதா டையோடுகளை வரிசையாகப் பற்றவைத்து, கூட ஒரு மின்தடையும் சேர்த்து, டம்மி ஒன்று செய்வோம். டம்மியில் அளவு சரியாக வந்தால் அதைக் கழற்றிவிட்டு உண்மையானதை மாட்டலாம்.

ஒரு பத்தியில் முடிகிற விஷயம். போன குளிர்காலத்திலிருந்து நான் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கொரியாவின் சியோலில், செவூன் மின்னணுச் சந்தை வளாகத்தின் மாடியில் ஒரு வாடகை அறையில் சனிக்கிழமைகளில் கூடுகிறோம். அறையில் இரண்டு மேசைகள். ஜன்னலோர மேசையில் புரொஜக்டர் வேலை நடக்கிறது. சின்னக் கண்ணாடிகளை அதிவேகமாக அசைத்து, லேசரால் சுவரில் படம் வரையும் எந்திரம். கதவோர மேசை புதியவர்களுக்கு. நான் கதவோரம். கல்லூரியில் ஒளியியல் படித்ததே அந்தக் கண்ணாடிகளுக்காகத்தான். ஆனால் என் முதுகு எப்போதும் அவற்றைப் பார்த்தபடி இருந்தது.

ஜன்னல் மேசைக்கு என்னை மாற்றுவீர்களா என்று குழுத் தலைவரிடம் வாயால் கேட்கத் தைரியம் வரவில்லை. செய்தி அனுப்பினேன். பான் கியூசிக் நல்லவர்தான், பதிலும் உடனே வந்தது.

"இந்தக் கூட்டு ஆர்டர்ல டையோடு வாங்கின எல்லாருக்கும் லேசர் வெளிச்சம் வந்துடட்டும், சோல்மி. அன்னிக்கே நீ ஜன்னல் பக்கம் வந்துடு."

எல்லாருக்கும் வந்தது, தாக் மால்சூனைத் தவிர.

மால்சூன் யோங்தெங்போ வட்டாரத்தில் கரோக்கி கடை நடத்துகிறார். ஐம்பதைத் தாண்டியவர், சுருள் முடி, கணீர்க் குரல். கடையின் சுழல்விளக்கு கெட்டுப்போய், பழுதுபார்ப்பவர் வராமல் இழுத்தடித்ததால், "நானே செஞ்சுக்கறேன் போடா" என்று எங்களிடம் வந்து சேர்ந்தார். அவரை நான் முதலாளியம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

முதல் டையோடை வீட்டில் மாட்டிய அன்று குழுவில் ஒரு வீடியோ அனுப்பினார். "எரியுது! எரியுது!" என்ற கத்தல். சுவரில் மங்கலான நீல வெளிச்சம் பரவிக் கிடந்தது. புள்ளி இல்லை.

போன் செய்து சொன்னேன். "முதலாளியம்மா, அது செத்துடுச்சு."

"செத்ததுக்கு எப்படிம்மா வெளிச்சம் வரும்?"

"உள்ள லேசர் பண்ற பாகம் பொசுங்கிடுச்சு. மிச்சம் சாதா பல்பு மாதிரி மினுங்குது."

"என் வீட்டுக்காரர் செத்தப்போ இப்படியெல்லாம் மினுங்கலையே."

நான் சிரிக்கவில்லை. கம்பியை மாற்றிப் போட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவதும் அதேபோல் போனது. இந்தத் தடவை தலைவரே தீர்ப்புச் சொன்னார். மால்சூனின் கம்பளி ஸ்வெட்டரில் உருவாகும் நிலைமின்சாரம்தான் காரணம். குளிர்காலத்தில் எங்கள் ஊரில் கதவுக் குமிழைத் தொட்டாலே பொறி பறக்கும் என்பதால் எல்லாரும் நம்பினோம். ஜன்னல் மேசை தூஹியோன் அவருக்கு 'டையோடு முழுங்கி' என்று பெயர் வைத்தான். மால்சூன் அதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினார்.

டப்பாவில் இன்னும் ஒரே ஒரு நீல டையோடு இருந்தது. அந்த வகையைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதுவும் செத்தால் மால்சூனுக்கு, வேறு வகை வரும் அடுத்த வருஷ ஆர்டர்தான். எனக்கும் அடுத்த வருஷம்வரை கதவோரம்தான்.

அதனால் இந்தத் தடவை வீட்டில் மாட்ட வேண்டாம், என் கண்ணெதிரே மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை வந்தார். நடைபாதையிலேயே ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மெல்லிய பருத்திச் சட்டையோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். மணிக்கட்டில், நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் பட்டை. அதன் மறுமுனையை ஹீட்டர் குழாயில் கவ்வவிட்டார். அறையில் அந்த ஹீட்டர் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

"குளிருதா?" என்றேன்.

"பல்லு டைப் அடிக்குது. பரவால்ல, டையோடு பொழைச்சா சரி. ஆரஞ்சு கொண்டாந்திருக்கேன், எடுத்துக்க."

"வேலை முடியட்டும், முதலாளியம்மா."

"உனக்கு எப்பவும் அவசரம்."

எனக்கு அவசரம்தான். அவர் ஒவ்வொரு கம்பியையும் எடுத்து, வாயால் சொல்லி, என் படத்தோடு ஒப்பிட்டு, பிறகு மாட்டினார். சிவப்பு இங்கே, கறுப்பு இங்கே. சும்மா இருக்க முடியாமல் நான் என் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும், டிரைவரிலிருந்து மின்சாரம் வெளியேறும் வெளிக்கம்பிகளில் மாட்டிவைத்தேன். அவர் டம்மியையும், அதன் மின்தடைமேல் தன் மீட்டரையும் மாட்டினார். ஸ்விட்சைப் போட்டார். திருகைத் திருகினார். அளவு சரியாக வந்தது. தப்பே இல்லை. என்னிடம் வந்த புதியவர்களில் இவ்வளவு சுத்தமாகச் செய்தவர் யாருமில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு தெரிந்தவருக்கு எப்படி இரண்டு செத்தது?

அப்புறம் போனை எடுத்து டம்மியையும் தன் மீட்டரையும் படம் பிடித்தார்.

"எதுக்கு?"

"குழுவுல போடணுமே."

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. டம்மியில் வந்த அளவைப் படமெடுத்துக் குழுவில் போட வேண்டும். பழையவர் ஒருவர் பார்த்து 'ஓகே' சொல்லும்வரை எதையும் தொடக் கூடாது. தலைவர் கொண்டுவந்த விதி. அச்சடித்துச் சுவரிலும் ஒட்டியிருக்கிறார்.

"நான்தான் பக்கத்துலயே இருக்கேனே. நான் சொல்றேன், ஓகே."

"நீ வாயால சொல்ற. விதில குழுவுலன்னு போட்டிருக்கு."

ஜன்னலோரத்தில் தலைவரின் போன் கிணுகிணுத்தது. அவர் இரண்டு கையாலும் ஒரு கண்ணாடித் துண்டைப் பசையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே, முதலாளியம்மாவோட படம்..." என்றேன்.

"பாக்கறேன், பாக்கறேன். பசை காயட்டும்."

காத்திருந்தோம். டம்மி சூடேறி லேசாக வார்னிஷ் வாசனை வந்தது. மால்சூன் ஒரு அட்டையை எடுத்து அதற்கு விசிறத் தொடங்கினார். குளிரில் நடுங்கிக்கொண்டே விசிறினார்.

"ரொம்பக் கொதிக்குதே இது," என்றேன்.

"எப்பவும் இப்படித்தான். போன தடவை ஓகே வர நேரமாச்சா, ஜன்னல் திட்டுல வெச்சு ஆறவெச்சேன்."

தூஹியோன் திரும்பிப் பார்த்தான். "முழுங்கறதுக்கு முன்னாடி ஊதி ஆறவெக்கறாங்க போல."

"உன்னைத்தான் அடுத்து முழுங்கப்போறேன், வாடா பக்கத்துல!"

தலைவர் ஒருவழியாகக் கையைத் துடைத்துக்கொண்டு, நாலடி தள்ளி உட்கார்ந்தபடியே போனில் 'ஓகே' என்று அனுப்பினார். மால்சூனின் போன் அதிர்ந்தது. அவர் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். டம்மியின் க்ளிப்பைக் கழற்றினார். டப்பாவைத் திறந்து கடைசி டையோடை இடுக்கியால் எடுத்தார்.

என் மல்டிமீட்டர் அதுவரை நாலரை வோல்ட் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது அதில் எண்கள் ஏறின. ஐந்து, ஏழு, ஒன்பது. ஒன்பதைத் தாண்டி நின்றன.

"வேண்டாம்!"

கத்தியது நான்தான். அவருடைய மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தேன். அறையில் எல்லாரும் திரும்பினார்கள்.

"என்னடி பொண்ணே? உயிரே போச்சு."

"ஸ்விட்ச்," என்றேன். "ஸ்விட்சு போட்டே இருக்கு."

"ஆமா, போட்டேதான் இருக்கு. தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கே."

"போன ரெண்டு தடவையும்?"

"அப்பவும்தான்."

உட்கார்ந்துவிட்டேன். டிரைவருக்கு ஒரே குறிதான், சொன்ன அளவு மின்சாரத்தை ஓடவைப்பது. டம்மியைக் கழற்றியதும் ஓட வழியில்லை. அது விடாமல் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். ஏற்றியதெல்லாம் முனையில் இருக்கிற கெபாசிட்டரில் தேங்கி நிற்கும். அந்த நேரத்தில் டையோடை மாட்டினால் தேங்கியது மொத்தமும் ஒரே பாய்ச்சலாக அதற்குள் இறங்கும். கம்பியும் சரி, அளவும் சரி, ஆனாலும் சாகும்.

மற்றவர்களுக்கு ஏன் சாகவில்லை? அவர்கள் யாரும் விதியை முழுசாக மதிக்கவில்லை. படம் எடுத்ததும் டம்மி சுடுகிறதே என்று ஸ்விட்சை அணைத்தார்கள். என் கையும் எப்போதும் அணைத்துவிடும். அணைத்து, இடுக்கியால் இரண்டு கம்பிகளையும் ஒரு தடவை சேர்த்துத் தொட்டு, தேங்கியதைத் தீர்த்துவிடும். நானும் அதை எங்கேயும் எழுதவில்லை. ஒட்டிவைத்ததை வரிக்கு வரி நம்பிச் செய்தவர் மால்சூன் ஒருவர்தான்.

இதைத் தலைவரிடம் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் முழுசாகச் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. "ஸ்விட்சைப் போட்டுக்கிட்டே யாராவது கழட்டி மாட்டுவாங்களா? அதெல்லாம் பொது அறிவும்மா."

"பொது அறிவு இருந்தா நான் ஏன்யா வகுப்புக்கு வர்றேன்?" என்றார் மால்சூன்.

"இல்ல, அதுக்கில்ல..."

"என் ஸ்வெட்டர் மேல பழியைப் போட்டியே. அது மட்டும் பொது அறிவா? ரெண்டு வாரமா வெறும் சட்டையோட வந்து உக்காந்திருக்கேன். என் டையோடை முழுங்கினது நான் இல்ல. அதோ, செவுத்துல ஒட்டியிருக்கே, அது முழுங்கிச்சு."

தூஹியோன் சிரிப்பை அடக்க இருமினான்.

"சரி, சரி," என்றார் தலைவர். "விதில ஒரு வரி சேத்துடறேன். போதுமா?" போனை எடுத்துத் தட்டச்சினார். தட்டச்சியதை வாய்விட்டும் படித்தார். "உறுப்பினர்கள் அனைவரும் இணைப்புகளை மாற்றும்போது தகுந்த முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை..."

"தலைவரே, ஸ்விட்சை அணைக்கணும்னு போடுங்க."

"அதுக்கு அர்த்தம் அதுதான்."

"அதையே போடுங்களேன்."

"பொறு, சோல்மி. விதின்னா ஒரு முறை இருக்கு. ...நடவடிக்கைகளை மேற்கொண்டு, பாதுகாப்பினை உறுதி..."

போனை அவர் கையிலிருந்து எடுத்துவிட்டேன்.

அப்படிச் செய்வேன் என்று எனக்கே தெரியாது. என்னைவிடப் பெரியவர், குழுவுக்குத் தலைவர். அவர் எழுதியதை அழித்துவிட்டு எழுதினேன்: 'படம் எடுத்ததும் ஸ்விட்சை அணை. அணைத்தே காத்திரு. ஓகே வந்ததும் டம்மியைக் கழற்று. வெளிக்கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொடவை. அதன் பிறகே டையோடை மாட்டு. கடைசியாக ஸ்விட்சைப் போடு.' அனுப்பினேன். அறையிலிருந்த எல்லாப் போன்களும் ஒன்றாகக் கிணுகிணுத்தன. அவருடைய போனை இரண்டு கைகளாலும் ஏந்தித் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் அதைப் படித்தார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த தாளைப் போய்க் கிழித்தார்.

மால்சூன் தன் போனை மேசைமேல் வைத்து, அந்த வரிகளை விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாகச் செய்தார். அணைத்தார். கம்பிகளைத் தொடவைத்தார். என் மீட்டரில் எண் விழுந்து பூஜ்யமானது. டையோடை மாட்டினார். அவர் நெற்றிமேல் ஏற்றிவிட்டிருந்த ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கண்ணாடியை நான் இழுத்துக் கண்ணுக்கு இறக்கினேன். ஒவ்வொரு தடவையும் இறக்கவேண்டியிருக்கிறது.

"போடவா?"

"போடுங்க."

போட்டார். சுவரோரம் நிறுத்தியிருந்த கறுப்புப் பலகையில் ஒரு புள்ளி விழுந்தது. சின்னது, விளிம்பு கூர்மையானது, அசையாதது. உயிரோடு இருந்தது.

மால்சூன் அதையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"என்னது?"

"இது என்ன, மச்சம் மாதிரி இருக்கு. என் கடைல பூப்பூவா சுத்துமே. சுத்தலையே?"

"சுத்தணும்னா இதுக்கு முன்னாடி கண்ணாடி வேணும், மோட்டார் வேணும். மோட்டாருக்குத் தனி டிரைவர் வேணும்."

"அதுக்கும் டிரைவரா!" தலையில் கைவைத்துக்கொண்டார். "சரி, அதையும் நீதான சொல்லித்தருவ?"

ஜன்னலோரத்தைப் பார்த்தேன். தலைவர் எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார். ஆனால் பக்கத்து நாற்காலியில் கிடந்த கருவிப் பையை எடுத்துத் தரையில் வைத்தார். நாற்காலி காலியானது.

"இல்ல, முதலாளியம்மா," என்றேன். "நான் அந்த மேசைக்குப் போறேன்."

"இப்பவேவா?"

"இப்பவே."

அவர் ஒரு ஆரஞ்சை என் கையில் திணித்தார். வாங்கிக்கொண்டு அறையைக் கடந்து போய் உட்கார்ந்தேன். தூஹியோன் விரல்நகம் அளவிலான ஒரு கண்ணாடியை இடுக்கியோடு என் பக்கம் நீட்டினான். என் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவன் கண்ணாடியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"நின்னதும் சொல்லுங்க," என்றான்.