மன்னிச்சுக்கோ அண்ணன்

சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் ‘மன்னிச்சுக்கோ அண்ணன்’. சோப்புத்தூள் டப்பா கை தவறி விழுந்தால் மன்னிச்சுக்கோ. இஸ்திரிப்பெட்டி சூடேறத் தாமதமானால் அதற்கும் மன்னிச்சுக்கோ. சலவைக்கூடம் அவன் தங்கையுடையது. அவள் வலது காலை இழுத்து இழுத்து மேசைகளுக்கு நடுவே வரும்போதெல்லாம், கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவான்.

“வலிக்குதாம்மா?”

“நீ கேக்குற வரைக்கும் வலிக்கல.”

அந்தக் கால் அப்படி ஆனதற்குக் காரணம் அவன்தான். குடித்துவிட்டு வேன் ஓட்டினான். “தள்ளு, நான் ஓட்டுறேன்” என்று தங்கை சொன்னதைக் கேட்கவில்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியதில் அவனுக்கு நெற்றியில் ஒரு கீறல். அவளுக்கு இடுப்பெலும்பும் முழங்காலும் நொறுங்கின. தண்டனையை அனுபவித்துவிட்டு வந்தான். குடியை விட்டான். ஞானஸ்நானம் எடுத்தான். உரிமம் திரும்பக் கிடைத்த பிறகும் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று சபதம் போட்டான்.

அவள் அவனைச் சுலபமாக மன்னித்துவிடவில்லை. வெகுநாள் அவன் முகத்தில் விழிக்கவே பிடிக்காமல் இருந்தாள். ஜெபிக்க உட்கார்ந்தால் வாயில் சாபம்தான் வந்தது. அந்தச் சாபத்தையே ஆண்டவரிடம் கொட்டி அழுது, பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மன்னித்தாள். அவ்வளவு பாடுபட்டுக் கொடுத்ததை அவன் வாங்கி, தொடாமல் வைத்திருப்பதுதான் அவளுக்கு ஆத்திரம்.

அன்று காலை வேன் ஓட்டுநருக்குக் காய்ச்சல். மருத்துவமனைக்குப் போக வேண்டிய படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வாசலில் கிடந்தன. வெளியே கொட்டும் மழை. வாடகை வண்டி ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் காலால் பிரேக்கை மிதிக்க முடியாது. மருத்துவமனைச் செவிலியர் வேறு ஓயாமல் போன் செய்து, “ஆபரேஷன் முடிஞ்சவங்கள வெறும் மெத்தையிலயா படுக்க வைக்கிறது?” என்று கத்திக்கொண்டிருந்தார்.

“அண்ணே, சாவிய எடு.”

“வேணாம்மா. நான் தலையில சுமந்துட்டுப் போயிடுறேன்.”

“இந்த மழையிலயா? நனைஞ்ச விரிப்ப வச்சு அவங்க என்ன பண்ணுவாங்க, கொடியில காயப் போடுவாங்களா?”

“எனக்கு அந்தத் தகுதி இல்லம்மா. நான் பாவி.”

அவ்வளவுதான். அவளே ஒரு மூட்டையைத் தோளில் தூக்கினாள். இரண்டடி வைப்பதற்குள் கால் மடங்கி, மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பதறி ஓடி வந்தவனைக் கை நீட்டித் தடுத்தாள்.

“கிட்ட வராத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஆண்டவர் உன்ன மன்னிச்சாரா இல்லையா?”

“மன்னிச்சாரு.”

“நான்?”

“நீயும்தான்.”

“அப்ப எங்க ரெண்டு பேருக்கும் மேல உக்காந்து தீர்ப்பு சொல்ற பெரிய மனுஷன் நீயா? சிலுவையில அவர் பட்டது பத்தலன்னு மிச்சத்த நீ பட்டு முடிக்கிறியா? சபதம் போட்டது நீ. டிரைவர் வராத நாளெல்லாம் இந்தக் கால வச்சுக்கிட்டு பஸ் படி ஏறி இறங்குறது நான். உன் சபதத்தையும் சுமக்க என் கால் தாங்காது அண்ணே!”

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

அவன் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றான். “பயமா இருக்கும்மா,” என்றான் கடைசியில். “என்னய நானே மன்னிச்சுட்டா, உனக்கு நடந்தது ஒண்ணுமே இல்லன்னு ஆயிடுமோன்னு.”

இதை அவன் இதுவரை சொன்னதில்லை. அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

“ஆகாது. சாட்சிக்கு என் கால் இருக்கு. மன்னிப்புன்னா நடக்கலன்னு அர்த்தமா? நடந்துச்சு. அதுக்கான பாரத்த வேற ஒருத்தர் சுமந்துட்டாரு. அத நம்பித்தான தண்ணியில முங்கி எந்திரிச்ச? இல்ல, சும்மா குளிக்கப் போனியா?”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரோடு சேர்ந்து. கண்ணை மூடினான். “ஆண்டவரே, அந்த மன்னிப்ப வாங்கிக்கிறேன்,” என்று முணுமுணுத்தான். பிறகு ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தான்.

வேன் ஓடியது என்று சொல்ல முடியாது; நகர்ந்தது. குடை பிடித்துக்கொண்டு சைக்கிளில் போன ஒரு கிழவர்கூட முந்திக்கொண்டு போனார்.

“அண்ணே, பின்னாடி இருக்குறது மூட்டை. முட்டை இல்ல.”

அதே பாலம் வந்தது. அவன் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினான். அவளுக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை. “போ,” என்றாள். போனான்.

மருத்துவமனையில் செவிலியர் வாங்கு வாங்கென்று வாங்கினார். “தாமதமாயிடுச்சு சிஸ்டர், மன்னிச்சுக்கோங்க,” என்று ஒரே தடவை சொல்லிவிட்டு அவன் மூட்டையைத் தூக்கினான். தங்கை அதிசயமாகப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் திருவிருந்து. எப்போதும் அந்த நேரத்தில் நைசாக வெளியே நழுவிவிடுகிறவன், அன்று அவள் பக்கத்தில் வந்து முழங்கால் போட்டான். போதகர் அப்பத்தை அவன் கையில் வைத்தார். வாயில் போட்டானோ இல்லையோ, தோள் குலுங்க அழ ஆரம்பித்தான். அடுத்த வரிசை எழுந்து வந்து காத்து நின்றது. அவன் எழுகிற வழியாக இல்லை.

அவள் முழங்கையால் இடித்தாள். “அழறதுன்னா பெஞ்சுல போய் அழு அண்ணே. ஜனங்க நிக்குறாங்க.”